துவைத்து வைத்த சேலை

அந்தப் படத்தில் அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார். எடுத்தவன் நான் என்பதால் நான் இல்லை. சித்தி இல்லை, அந்த நேரத்தில் சித்தி பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில், மாட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மாடும் இல்லை. விசாகப்பட்டினத்துக் கடற்கரையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்த படம் அது. அம்மா முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். வலது கை காதோரம் தூக்கியபடி இருக்கிறது. அந்தக் கையில் ஒன்றும் இல்லை. அப்பா வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி ஓடி வருகிறார். கை அசைந்ததில் இரண்டு முகமும் கலங்கிப் போயிருக்கின்றன. ஆனாலும் கல்யாணப் படத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து இருக்கும் படம் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான்.

மாடு இருக்கிற வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியூரில் தங்க முடியாது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. விடிகாலையில் ஒருமுறை, பொழுது சாய்வதற்கு முன் ஒருமுறை கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும். ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் மற்றவர் மாட்டோடு இருப்பார். சொந்தக்காரர்களுடைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் எங்கள் குடும்பத்தின் சார்பாக அப்பா மட்டும் நிற்பார், எப்போதாவது அம்மா மட்டும் நிற்பாள். சின்ன வயதில் இது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. படித்து முடித்து, கணபதியில் மோட்டார் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. லீவு முடிந்து வருகிறவர்கள் கோவா என்பார்கள், கொச்சி என்பார்கள், அப்பா அம்மாவோடு படகில் நிற்கும் படத்தைக் காட்டுவார்கள். நீ எங்கே போனாய் என்று கேட்டால் ஊருக்கு என்பேன். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். படிப்பு என்றால் சம்பளம் மட்டுமில்லை, இதுவும் சேர்ந்ததுதான் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. ஒரு தீபாவளி போனஸ் வந்ததும், யாரையும் கேட்காமல் விசாகப்பட்டினத்துக்கு மூன்று டிக்கெட் போட்டேன்.

அங்கே என்னென்ன பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் போனில் படித்து வைத்திருந்தேன். கரையில் ஏற்றி நிறுத்திய நீர்மூழ்கிக் கப்பல், கடலைப் பார்த்த மலையும் கயிற்று வண்டியும், சுரங்கங்களுக்குள் புகுந்து அரக்கு மலைக்குப் போகும் ரயில், படகு, சூரிய உதயம். ஒன்றையும் விடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கியிருந்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "அதெல்லாஞ் செரி சாமி, செவலைய ஆரு கறப்பா?"

செவலை எங்கள் சிந்து மாடு. கன்றைப் பிரித்துக் கட்டி நாளாகியிருந்தது. அம்மாவின் கைக்கும் வாசனைக்கும்தான் பால் இறக்கும். அப்பா கறக்க நேரும்போதெல்லாம் அம்மா கறக்கும்போது கட்டும் பச்சைச் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். மாடு மட்டும் ஏமாந்து போகும். அதே உத்தியை நம்பித்தான் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சித்தியை வரவழைத்தோம். சித்தி அம்மாவுக்குத் தங்கை. ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாலும் கல்யாணத்துக்கு முன் பால் கறந்த கை. லீவு போட்டுவிட்டு வந்து, "நீ போயிட்டு வாக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று எங்களை அனுப்பி வைத்தார்.

மத்தியானம் கோயம்புத்தூரில் ரயில் ஏறினோம். சேலம் தாண்டியதும் அம்மா ஜன்னலை விட்டுவிட்டு என் கைக்கடிகாரத்தையே பார்க்கத் தொடங்கினாள். கறக்கும் நேரத்துக்குச் சரியாக சித்தியின் போன் வந்தது. "அக்கா, பால் போசிய எட்டி ஒதைச்சுப்போட்டுதுக்கா. கிட்டப் போனாலே மூஞ்சியத் திருப்பிக்குது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "சேலையக் குடுத்தயா இல்லையா?"

"குடுக்காமங்களா? நல்லாத் தொவைச்சு, கஞ்சி போட்டு, மடிச்சு வெச்சுப்போட்டுத்தான் வந்தேன்."

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாடு வாசம் பார்க்கற சேலையப் போயி ஆராச்சும் தொவைப்பாங்களா?"

"தங்கச்சி கட்டறதுக்கு அழுக்குச் சேலையக் குடுக்கறதுங்களா? அவ என்ன நெனைப்பா?" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்கும் விசயம் புரிந்துவிட்டது. வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒறம்பரைக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்திருக்கிறாள். மாடு சோப்பு வாசத்தைத்தான் கண்டது. பால் இறங்காமல் நின்றால் மடி கல்லாகிப் போகும். அப்புறம் அந்த மாட்டைக் கறவை மாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நான் வேண்ணாக் காட்பாடியில எறங்கித் திரும்பிப் போறேன். நீயும் பையனும் கடலப் பார்த்துட்டு வாங்க" என்றார் அப்பா. "நீங்க எறங்குனா நானும் எறங்கறேன்" என்றாள் அம்மா. மறுபடியும் ஒருவர் மட்டும் நிற்கும் ஒரு படத்துக்காகவா நான் டிக்கெட் போட்டேன்?

சித்திக்குத்தான் யோசனை வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு, மஞ்சப்பையில் வைத்து, மாட்டின் காதுக்கு எட்டும்படி தூணில் தொங்கவிட்டார். "பேசுக்கா" என்று கத்தினார். அம்மா பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். முகம் சிவந்துபோய் மெல்ல ஆரம்பித்தாள். "கண்ணு... எந்தங்கமல்ல... சித்திகிட்ட அப்பிடிப் பண்ணலாமா அம்மணி? நான் நாலே நாள்ல வந்தர்றேன். நல்ல புள்ளையாட்ட இருக்கோணும்."

எதிர் இருக்கையில் ஈரோட்டுப் பக்கத்து ஜவுளி வியாபாரி ஒருவர் நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் குனிந்தார். "ஏனுங்க, மருமகளுங்களா? ரொம்ப மொரண்டு புடிக்கறாப்பல இருக்குது."

"மாடுங்க."

"மாடுங்களா?" அவர் சற்று யோசித்தார். "அதானுங்க பார்த்தேன். மருமகளா இருந்தா இன்னேரத்துக்குப் போனைக் கட் பண்ணியிருக்குமுங்க."

பெட்டியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் பால் இறங்கவில்லை. அப்போது அப்பா சொன்னதை நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். "கண்ணு தங்கம்னெல்லாம் நீ என்னைக்குப் புள்ள அதுகிட்டப் பேசியிருக்கறே? எப்பவும் என்னமோ மொணமொணப்பியே, அதைப் பேசு." அம்மா தலை குனிந்தாள். "அதெப்பிடிங்க, இத்தனை பேர் முன்னால..." பிறகு முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து முணுமுணுக்கத் தொடங்கினாள். ரயில் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் போனில் சித்தியின் குரல் வந்தது. "எறக்குதுக்கா, எறக்குது! நிறுத்தீராத!"

விசாகப்பட்டினத்தில் நான் ஒதுக்கி வைத்த நேரமெல்லாம் அதன் பிறகு செவலையின் நேரமாகிவிட்டது. சித்தி எப்போது கூப்பிட்டாலும் அம்மா போனில் பேசியாக வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் டவர் கிடைக்காது என்று தெரிந்ததும் அம்மா வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் நானும் உள்ளே போய், இரும்புச் சுவர்களுக்கு நடுவே அவசரமாக நடந்து, ஒன்றையும் பார்க்காமல் வெளியே வந்தோம். கயிற்று வண்டியில் பாதி வழியில் போன் வந்துவிடுமோ என்று அவள் ஏறவில்லை. சுரங்கம் என்று சொன்ன உடனேயே அரக்கு மலை ரயிலும் பட்டியலிலிருந்து போய்விட்டது. இருப்பதிலேயே நல்ல இடம் எது என்றால், அம்மாவுக்கு, போனில் சிக்னல் கோடு முழுதாகக் காட்டும் இடம். கடற்கரையிலும் அவள் தண்ணீருக்கு எட்டத்தில் மணலில்தான் நின்றாள். போன் நனைந்துவிடும் என்று பயம். அலை கிட்டே வந்தால் பின்வாங்கிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்தது எங்கே, அடுத்தது எங்கே என்று நானும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அவள் மாட்டுக்காக அலைந்தாள். நான் ஆபீசில் காட்டப் போகும் படத்துக்காக அலைந்தேன் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அது தெரியவில்லை. அப்பாதான் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி நாள் விடிகாலையில் சூரிய உதயத்துக்குப் போனோம். அம்மாவுக்கு அதுவும் கறக்கும் நேரம்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தாள். அப்பா கொஞ்சம் பின்னால், அவருக்குப் பின்னால் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நான். சுற்றிலும் தமிழ் தெரிந்தவர்கள் யாருமில்லை என்ற தைரியமோ, கடல் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்தாளோ, அன்றைக்கு அவள் குரலை அடக்கவில்லை. எங்களுக்குக் காற்று வாக்கில் எல்லாம் கேட்டது.

"உனக்குப் புல்லறுத்தே என்ற கை காச்சுப்போச்சு. கண்ணாலமாகி வந்த புதுசுல கடல் பார்க்கோணும்னு இவருகிட்டச் சொன்னேன். மாடு கண்ணு போடட்டும், போலாம்னாரு. அப்பறம் உங்காத்தா போட்டா, அப்பறம் நீ போட்டே. மாத்தி மாத்திப் போட்டீங்க. ஒருநாளு, நான் ஊட்ல இருக்கறப்ப, 'நீ உக்காரு, நான் கறக்கறேன்'னு இவரு சொல்லியிருப்பாரா? இந்தப் பையனுக்கு என்னத்தையாச்சும் காட்டிப்போடோணும்னு துடிப்பு. உக்காந்து நாலு வார்த்தை பேச ஆளில்ல. உன்னையாட்டம் நின்னு கேக்கறதுக்கு இந்த ஊட்ல ஆரு இருக்கறாங்க சொல்லு."

அப்பா நின்றுவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. தினமும் இரண்டு வேளை, என் வயசு முழுக்க, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோதும் நடந்திருக்கிறது. பால் போசியில் விழும் சத்தம் மட்டுமே எங்களுக்குக் கேட்டிருக்கிறது.

பேசிக்கொண்டே போனதில் அம்மா ஈர மணலுக்கு இறங்கியதைக் கவனிக்கவில்லை. பெரிய அலை ஒன்று வந்து அவள் முழங்கால் வரைக்கும் ஏறியது. கை தடுமாறி, போன் கடலுக்குள் போய்விட்டது. அவள் கையைக் காதோரமே வைத்துக்கொண்டு, அது இன்னும் அங்கே இருப்பது போல நின்றாள். அப்பா ஓடினார். என் விரல் எப்படிப் பட்டது என்று தெரியவில்லை, படம் பதிந்துவிட்டது.

என் போனிலிருந்து சித்தியைக் கூப்பிட்டேன். "என்றா கண்ணு, அக்காளுக்கு என்னாச்சு? புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அப்பறம் ஒண்ணையுங் காணோம்."

"அம்மா போன் கடலுக்குள்ள உழுந்துபோச்சுங்க சித்தி. பால் என்னாச்சுங்க?"

"பாலா? அது பாட்டுக்கு எறக்கீட்டு இருக்குது. அக்கா திட்டறதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாயிருச்சு. இப்ப நானே உங்கப்பனைத் திட்டீட்டேதான் கறக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா கேட்டாள். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். "அப்ப நான் இல்லாட்டியும் கறக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த அலை வந்தது, அவள் பின்வாங்கவில்லை. அப்பா அவள் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். அன்றைக்கு வேறெங்கும் போகவில்லை. சேலை இடுப்பு வரைக்கும் நனைந்து, உப்புக் காய்ந்து, அறையைக் காலி செய்யும் நேரம் வரைக்கும் அவள் தண்ணீரைவிட்டு வரவில்லை. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊர் திரும்பியபின் ஏதாவது மாறியதா என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. போன மாதம் கோபியில் நடந்த கல்யாணத்திலும் அப்பா மட்டும்தான் நின்றார். ஆனால் பொழுது சாயக் கறக்கிற நேரத்தில் அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மாட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாராம். ஒன்றும் பேசுவதில்லையாம். "தடி மாடாட்டம் இதுவொண்ணு உக்காந்துட்டு இருக்குது" என்று அம்மா சொல்லும்போது குரல் வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் கலங்கிய படத்தைச் சட்டம் போட்டு கல்யாணப் படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். இன்னொரு பிரதி கணபதியில் என் அறையில் இருக்கிறது. ஆபீசில் இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

நேற்று அம்மா கூப்பிட்டாள். பின்னால் பால் போசியில் விழும் சத்தம். "மறுக்காக் கடலுக்கு எப்பக் கூட்டிட்டுப் போறே சாமி? இந்தத் தடவ அந்தச் சேலையத் தொவைக்காம வெச்சுப்போட்டு வாரேன். தங்கச்சி என்னமோ நெனைச்சுக்கட்டும்." பிறகு, இதுவரை கேட்காததைக் கேட்டாள். "முன்ன போனப்ப மொத்தம் எத்தனை ஆச்சு?" கடலுக்குள் போன போனையும் சேர்த்துச் சொன்னேன். பால் விழும் சத்தம் நின்றது. அப்புறம் என்னிடம் இல்லாமல், அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"கேட்டயா செவலை? இருபத்தெட்டாயிரத்து அறுநூறு ரூவா."