தட்டில் காட்டிய கர்ப்பப்பை

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் என் அக்காவுக்குப் பழக்கடை. சீசனில் ரம்பூட்டானும் மங்குஸ்தானும் விற்பாள். விற்பாள் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். வருகிறவர்களோடு சண்டை போடுவாள், நடுவில் பழமும் கைமாறும். "அமுக்குத அமுக்குல பழத்துக்கே வலிக்கும், கைய எடும்வே!" என்று அவள் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கடையில் பேரம் பேசியவர் கையை எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவள் ரெண்டு வருஷமாக மாதாமாதம் உதிரப்போக்கில் துவண்டுகொண்டிருந்தாள். கர்ப்பப்பையில் கட்டிகள், எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். "சீசன் முடியட்டும்" என்று சாரலிலும் நின்று வியாபாரம் பார்த்தாள். கத்திக்கு அவள் பயப்படவில்லை. தெருக்காரிகள் சொன்னதற்குத்தான் பயந்தாள். மீசை முளைக்கும் என்றாள் ஒருத்தி. ஆளே சப்பென்று ஆகிவிடுவாய் என்றாள் இன்னொருத்தி. பக்கத்துக் கடைக்காரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்தவள். ஒரு காலத்தில் அவள் சிரித்தால் சாலை முழுக்கக் கேட்கும். இப்போது உடம்பெல்லாம் தீயாய் எரிகிறது என்று விசிறிக்கொண்டு, காரணமே இல்லாமல் அழுகிறாள்.

"நான் நானா இருப்பேனாலே?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். அத்தானும் நானும் அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். நடுவில் பை, ரெண்டு பக்கமும் குழாய், ஒவ்வொரு குழாய் நுனிக்குப் பக்கத்திலும் ஓர் உருண்டை. தென்காசியில் பைப்புக் கடை வைத்திருப்பவன் நான். எனக்கு அது மூணு பைப்பைச் சேர்க்கிற டீ ஜாயின்ட் மாதிரி உடனே விளங்கிவிட்டது. "நடுவுல இருக்கது குழந்தை தங்குத இடம்மா, அவ்வளவுதான். ஹார்மோன் சுரக்கது இந்த ரெண்டு சினைப்பையும். இதையும் சேத்து எடுத்தாத்தான் அந்த எரிச்சல், அழுகையெல்லாம். இது ரெண்டும் நல்லா இருந்தா நான் தொடமாட்டேன். ஆனா உள்ள பாத்துத்தான் முடிவு பண்ண முடியும்."

"கோவம் எதுலம்மா சுரக்கும்?" என்று அத்தான் பவ்யமாகக் கேட்டார்.

"அதுக்குத் தனியாப் பை கிடையாது சார்."

அத்தான் முகம் லேசாக வாடியது போல எனக்குத் தோன்றியது.

ஆபரேஷன் அன்று, உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "ஒங்கத்தானை நம்பாத. ரத்தத்தப் பாத்தா விழுந்துருவாவ. நீ பாரு. தட்டுல அந்த உருண்டை இருக்கான்னு எண்ணிப் பாரு. நான் முழிச்சதும் மொதல்ல நீதான் சொல்லணும்."

அந்த ஆஸ்பத்திரியில் எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கம். கதவு திறந்தது. "எடுத்தாச்சு, பாத்துக்கிடுங்க" என்றார் சிஸ்டர். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் குனிந்தேன். நடுப் பை இருந்தது, குழாய்களும் இருந்தன. ஒரு பக்கம் சின்ன எலுமிச்சம்பழம் போல ஓர் உருண்டையும் இருந்தது!

நான் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். டாக்டரம்மா அடுத்த ஆபரேஷனில் இருக்கிறார் என்றார்கள். ஒன்றை எடுத்துவிட்டார்கள். மற்றது இருக்கிறதோ இல்லையோ, யாரைக் கேட்பது? அத்தானிடம் சொன்னால் அவரைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

ரெண்டு மணி நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்தாள். வலி என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

"ரெண்டும் உள்ள இருக்காலே?"

"இருக்குக்கா."

"என் மேல சத்தியமா?"

"ஒன் மேல சத்தியமா."

அவள் நிம்மதியாகத் தூங்கிப்போனாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அறுபட்டுக் கிடப்பவள் மேல் பொய்ச் சத்தியம் பண்ணுகிறவனெல்லாம் ஒரு தம்பியா?

சாயங்காலம் டாக்டரம்மா வந்ததும் ஓடிப்போய் மறித்தேன். எலுமிச்சம்பழக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "அது கட்டி சார். காம்போட வெளிப்பக்கமாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சினைப்பை பாதாம் பருப்பு அளவுதான் இருக்கும். ரெண்டும் உள்ள பத்திரமா இருக்கு."

முக்கால் இஞ்சா ஒரு இஞ்சா என்று கேட்காமல் ஒரு வாஷரைக்கூட எடுத்துக் கொடுக்காதவன் நான். என் அக்கா விஷயத்தில் அளவு கேட்காமல் வந்திருக்கிறேன்! அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் என்னையே பார்த்தாள். வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே கூறுகெட்டவனே! தெரியாமலாலே என் தலையில சத்தியம் பண்ணுன? எலுமிச்சம்பழத்துக்கும் பாதாமுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குப் பைப்புக் கடை ஒரு கேடா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் ஓடிவந்தார். நான் திட்டு வாங்கியபடியே இளித்துக்கொண்டு நின்றேன்.

அதுவரை வார்டு வாசலில் நின்ற அத்தான் அப்போதுதான் உள்ளே வந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"ஒண்ணையும் எடுக்கல மாப்ள. அப்படியேதான் இருக்கா."