ஏரியை வலம் வந்தவர்

என் கையெழுத்து கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். மன்னியுங்கள்.

சுவிஸின் எம்மன்புரூக்கேயில் உள்ள எங்கள் தொழிற்சாலை ஆட்கள் ஒரு கோடையில் மலையேறப் போனோம். கூச்சத்தில் நான் பின்தங்கி நடந்தேன். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் திபெத்துக்காரரும் என்னோடு வந்தார். வெயிலில் கன்றிய கன்னம், எந்நேரமும் விரல்களில் உருளும் ஜெபமாலை. தன் நாட்டில் புத்த யாத்திரிகர்கள் மலையைச் சுற்றி நாட்கணக்காக நடக்கும் பழைய பாதையைப் பற்றி அரைகுறை டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொல்லிக்கொண்டே வந்தார்.

உச்சியில் ஓர் ஏரி. அதை இடப்புறம் விட்டு நடந்தால் கேபிள் கார் நிலையம் பக்கத்தில்தான். மற்றவர்கள் அப்படியே போனார்கள். கடைசி வண்டிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. அதைத் தவறவிட்டால் முழங்கால் வலியோடு நான் மலை முழுக்க இறங்க வேண்டும். ஆனால் கரையில் யாரோ மந்திரம் எழுதிய திபெத்தியக் கொடிகள் கட்டியிருந்தார்கள். அவர் நின்றுவிட்டார்.

"கொடி கட்டின ஏரியை வலப்பக்கம் விட்டுத்தான் சுத்தோணும். நீங்கள் போங்கோ, நான் சுத்திப்போட்டு வாறன்."

கோயிலில் நானும் இடமாகச் சுற்றியதில்லை. "நில்லுங்கோ, நானும் வாறன்" என்றேன்.

நாங்கள் சுற்றி வந்தபோது கேபிள் கார் கீழே போய்க்கொண்டிருந்தது. முழங்காலைப் பிடித்தபடி இறங்கும்போது, "சுத்தேக்க என்ன கும்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"கேபிள் கார் எங்களை விட்டிட்டுப் போகக் கூடாதெண்டு" என்றார், சிரிக்காமல்.

பகிடியா என்று இன்றுவரை தெரியவில்லை.

எழுதி முடித்தது ஓகஸ்ட் முதலாம் திகதி.