உடைஞ்ச பாலம் செபாஸ்தியான்

"எண்பத்தி மூணு, மார்ச்சு மாசம்" என்று ஆரம்பிக்கும்போதே செபாஸ்தியானின் விரல்கள் டீக்கடை பெஞ்சின் விளிம்பில் தட்டத் தொடங்கிவிடும். "அதுக்கு முன்னாடி ஒரு மாதிரி. அதுக்கு அப்புறம் வேற மாதிரி." டீ ஆறி ஆடை கட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நழுவப் பார்ப்பார்கள். காசிநாதனால் மட்டும் நழுவ முடியாது. இருவரும் ஒரே பேண்டு செட், வந்த வண்டியும் ஒன்றுதான். இருபத்திரண்டு வருடமாக அவர் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நைனார்பாளையம் சகாய மாதா பேண்டு செட்டில் மொத்தம் எட்டுப் பேர். செபாஸ்தியான் சைடு டிரம், காசிநாதன் கிளாரினெட். கல்யாண ஊர்வலம், காதுகுத்து, சாவு, கோயில் தேர் என்று சின்னசேலம் பக்கம் எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். செபாஸ்தியானுக்கு ஐம்பது முடிந்துவிட்டது. ஒல்லி உடம்பு, தங்க நிறப் பட்டி தைத்த சிவப்புச் சட்டை, பேண்ட்டின் பின்பாக்கெட்டில் எந்நேரமும் இரண்டு டிரம் குச்சிகள். ரேஷன் கடைக்கும் அந்தக் குச்சிகளோடுதான் போவார், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அப்படித்தான். முட்டி போடும்போது குச்சி இடுப்பில் குத்துகிறது என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

கதை இதுதான். செபாஸ்தியானின் அப்பா கல்வராயன் மலையில் நடந்த மருத்துவ முகாமுக்கு ஜீப் ஓட்டினார். அங்கே வேலை பார்த்த ஹாலந்து நர்ஸம்மா ஊருக்குத் திரும்பும்போது ஒரு குடை, ஒரு டார்ச் லைட், ஒரு கேசட் ஆகியவற்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். குடையை அப்பா வைத்துக்கொண்டார், டார்ச் அண்ணனுக்குப் போனது. பதினாலு வயது செபாஸ்தியானுக்குக் கிடைத்தது கேசட். "அன்னிக்கு உன் கைக்கு அந்தக் குடை வந்திருந்தா நான் பொழச்சிருப்பேன்" என்பார் காசிநாதன்.

கேசட் அட்டையில் நடுவில் முறிந்த பாலம் ஒன்றைப் பேனாவால் வரைந்திருக்கும். அதில் பாடிய ஹாலந்துக் குழுவின் பெயரும் அதுதான். அவர்கள் மொழியில் அதைச் சரியாகச் சொல்லத் தொண்டையிலிருந்து கோழையை இழுப்பது போல இழுக்க வேண்டியிருப்பதால், ஊரில் எல்லோரும் உடைஞ்ச பாலம் என்று முடித்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெயர் செபாஸ்தியான் மேலேயே ஒட்டிக்கொண்டது. "உடைஞ்ச பாலத்துக்கு போன் போட்டு ஆர்டர் சொல்லிடு" என்றால் நைனார்பாளையத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கேசட்டின் முதல் பக்கம் பங்க் என்ற முரட்டு ராக் பாட்டு. நான்கு ஆண்களும் ஒரு பெண்ணும் ஒரு காலி ஜாம் ஃபேக்டரியின் பூட்டை உடைத்துக் குடியேறி, வாடகையையும் போலீஸையும் திட்டிப் பாடியவை. கத்தல்தான், ஆனாலும் பாட்டு என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாம் பக்கம் ஹார்ட்கோர், அதே பங்கின் இன்னும் வேகமான வகை. கேசட் அட்டைக்குள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தபடி, எண்பத்து மூன்று மார்ச்சில் பக்கத்து ஊருக்கு ஓர் அமெரிக்கக் குழு வந்து வாசித்ததாம். இவர்கள் போய்க் கேட்டுவிட்டு வேனில் திரும்பும்போது ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் காலை அதே பழைய பாட்டுகளை எடுத்து இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார்களாம். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"ஒருத்தரும் பேசல, அண்ணா. அத்த நெனச்சிப் பாரு. வண்டில ஒரு பேச்சு இல்ல" என்பார் செபாஸ்தியான்.

"நம்ம வண்டில அது என்னிக்கு நடக்கும்னுதான் நானும் காத்துக்கினு இருக்கேன்" என்பார் காசிநாதன்.

இந்த வரலாற்றைச் செபாஸ்தியான் எழுதவும் செய்கிறார். நீள நோட்டில் மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. கேசட் அட்டையைப் படம் எடுத்து இணையத்தில் போட்டு, மூன்று வருடத்துக்கு முன் அந்தக் குழுவின் டிரம்காரரையே பிடித்துவிட்டார். பெயர் யாப். அறுபத்தைந்து வயது, சைக்கிள் ரிப்பேர் கடை. அவர் தன் மொழியில் அனுப்புவதைப் போன் தமிழாக்கித் தரும். "அன்புள்ள செபாஸ்தியான், இங்கே மழை பெய்கிறது, என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை" என்று மேடைப் பேச்சுத் தமிழில் ஹாலந்து பேசும். செபாஸ்தியான் அதைச் சாவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்.

அவர் மனைவி அமலோற்பவம் அலுத்துப் போனவர். "ஹாலந்துக்காரன் வூட்டுக் கதைய மூணு நோட்டு எழுதறாரு. எங்கூட்டு ரேசன் கார்டுல மருமவ பேர சேக்க மனு எழுதச் சொன்னா கை வலிக்குதாம். நீங்களாவது கேளுங்கண்ணா" என்று காசிநாதனிடம் முறையிடுவார். கேட்டுப் பார்த்த காசிநாதனுக்கு எண்பத்து இரண்டாம் வருடம் வேன் என்ன கலர் என்பது மறுபடியும் சொல்லப்பட்டது. கலர் மஞ்சள்.

இத்தனை எரிச்சலிலும் அந்தக் கேசட்டில் ஒரே ஓர் இடம் காசிநாதனுக்குப் பிடிக்கும். முதல் பக்கம், நாலாவது பாட்டு. கத்தலுக்கு நடுவே ஒரு சாக்சபோன் நுழைந்து, மேய்ச்சலில் கன்றைத் தேடும் மாடு மாதிரி நீளமாக ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகும். வாசித்தவர் பெயர் வில்லெம். "இந்தாளு ஒருத்தன்தான் மனுசன் மாதிரி வாசிக்கிறான்" என்றார் காசிநாதன், முதல்முறை கேட்டபோதே. இரண்டாம் பக்கத்தில் சாக்சபோன் இல்லை. "இவன் எங்க போனான்?" என்று அவர் சும்மாதான் கேட்டார். அன்றிலிருந்து அது செபாஸ்தியானின் கேள்வியாகிவிட்டது. யாப்பிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். யாப் வேனைப் பற்றி எழுதுவார், ஜாம் ஃபேக்டரியின் எலிகளைப் பற்றி எழுதுவார், வில்லெமைப் பற்றி மட்டும் எழுத மாட்டார்.

சிக்கல் போன வருடம் ஜூனில் ஆரம்பித்தது. வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊரில் அந்தோணியார் திருவிழா, பகல் தேர். பன்னிரண்டு பேர் சப்பரத்தைத் தோளில் தூக்கி டிரம் அடிக்கு அடி வைத்து நடப்பார்கள். டிரம் நின்றால் நிற்பார்கள், நடந்தால் நடப்பார்கள். இறக்கத்தில் திரும்பும்போது செபாஸ்தியானுக்கு என்ன தோன்றியதோ, வழக்கமான ஊர்வல மார்ச்சை விட்டுவிட்டுக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு பேரும் பழக்கத்தில் அந்த அடிக்கே கால் வைத்தார்கள். அந்தோணியார் இறக்கத்தில் ஓட்டமாக ஓடிக் கோயில் வாசலில் போய் நின்றார். வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு பின்னால் வந்த ஃபாதர் இருபது நிமிடம் கழித்து வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தார். அதற்கும் கொஞ்சம் கழித்துத்தான் காசிநாதன் வந்தார். கிளாரினெட் கையில் இருந்தது, மூச்சு எங்கேயோ வழியில் இருந்தது.

இனி அந்த ஊரில் கால் வைக்க முடியாது என்றுதான் காசிநாதன் நினைத்தார். நடந்தது நேர்மாறு. ஊருக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. இந்த வருடம் மே மாதமே போன் வந்தது. "போன வருசம் மாதிரியே ஓட்டத் தேரு அடிக்கணும்ங்க. இளவட்டம் எல்லாம் கேட்டுக்கினே இருக்காங்க."

செபாஸ்தியானைக் கையில் பிடிக்க முடியவில்லை. "அண்ணா, பாத்தியா? நமக்கும் எண்பத்தி மூணு வந்துடுச்சி!"

தேருக்கு முதல் நாள் மக்காச்சோளம் காயவைக்கும் களத்தில் ஒத்திகை நடந்தது. டிரம்பெட்காரர்கள் சமாளித்துவிட்டார்கள், அவர்களுக்கு வயசு இருக்கிறது. காசிநாதனுக்கு ஐம்பத்தாறு. கொரோனாவில் பதினெட்டு நாள் படுத்து எழுந்த நெஞ்சு. இரண்டாம் சுற்றில் கிளாரினெட் கிறீச்சிட்டது. மூன்றாம் சுற்றில் அதுவும் வரவில்லை, வெறும் காற்று வந்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவரை நேராகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. செபாஸ்தியான் அருகே வந்து, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணா, நீ வேணா சும்மா வாயில வெச்சிக்கினு ஓடியா. இந்த சத்தத்துல யாருக்குத் தெரியப் போவுது?"

காசிநாதன் கிளாரினெட்டைக் கழற்றினார். ஐந்து துண்டையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "நாளைக்கு வண்டி எங்கூட்டுப் பக்கம் வரக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு மரவள்ளிக் கொல்லை ஓரமாக நடந்தார். யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக நடந்தார். யாரும் வரவில்லை. அது அவருக்கு வலித்தது. வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்றார். இருபத்திரண்டு வருடம் கூட வாசித்தவனைச் சும்மா வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னவனை நினைத்து நினைத்துப் பொருமினார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஹாரன் கேட்டது. காசிநாதன் அப்போது குளித்துவிட்டு யூனிபாரம் பேண்ட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். எதற்காக மாட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. சட்டையை மட்டும் போடவில்லை. வெளியே வந்து, "வராதன்னு சொன்னேன் இல்ல?" என்று கத்தினார்.

செபாஸ்தியான் வண்டியை விட்டு இறங்கி வந்தார். முகம் தூங்காத முகம். "யாப் எழுதிட்டாரு" என்றார்.

"எனக்கு எந்த யாப்பும் வேணாம், போ."

செபாஸ்தியான் போகவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றே படித்தார். "அன்புள்ள செபாஸ்தியான். வில்லெமால் எங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நாங்கள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை வேனை அவனுடைய தெரு வழியாக ஓட்டவில்லை, அவ்வளவுதான். பெட்டியோடு அவன் சாயங்காலம் வரை வாசலில் நின்றதாக அவன் அக்கா பிறகு சொன்னாள். இதை நான் யாருக்கும் எழுதியதில்லை."

வண்டிக்குள் இருந்த ஆறு பேரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

"அதுக்கு இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றார் காசிநாதன். குரல் அவர் நினைத்த அளவுக்குக் கடுமையாக வரவில்லை.

"ஒண்ணும் பண்ண வேணாம். சட்டையப் போட்டுக்கினு வந்து வண்டில ஏறு" என்று சொல்லிவிட்டு செபாஸ்தியான் அவரைத் தாண்டி உள்ளே போய், கிளாரினெட் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போய் முன் சீட்டில் வைத்தார்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மலை ஏறும் வழி முழுக்க வந்தது எண்பத்து மூன்று மார்ச்சுதான். இப்போது அதில் சாக்சபோன்காரரின் தெருவும் சேர்ந்துகொண்டது. அந்தத் தெரு எப்படி இருந்திருக்கும், வேன் அதைச் சுற்றிக்கொண்டு எந்த வழியாகப் போயிருக்கும் என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு யோசனை சொன்னார். காசிநாதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்த நேரத்தில் சட்டையைப் போட்டோமோ என்று தன்னையே நொந்துகொண்டார்.

ஊரில் சப்பரம் தயாராக இருந்தது. பன்னிரண்டு பேர் தோளில் துண்டைச் சும்மாடாக மடித்துப் போட்டுக்கொண்டு சப்பரத்தைத் தாங்கினார்கள். இளைஞர்கள் இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தயாராக நின்றார்கள். ஃபாதர்கூட இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டு வந்திருந்தார். "ஆரம்பிங்கய்யா! ஓட்டத்த ஆரம்பிங்க!" என்று ஒரு கூட்டம் கூச்சல் போட்டது.

செபாஸ்தியான் பின்பாக்கெட்டிலிருந்து குச்சிகளை உருவித் தலைக்கு மேலே தூக்கினார். பிறகு கூட்டத்தைப் பார்க்காமல் திரும்பிக் காசிநாதனைப் பார்த்தார்.

காசிநாதனுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. வேண்டுமென்றே ஊதுவாயில் இருக்கும் மெல்லிய ரீடைக் கழற்றினார். துண்டால் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னொரு தடவை துடைத்தார். நிதானமாகப் பொருத்தித் திருகினார். கூச்சல் அதிகமானது. சப்பரத்தடியில் யாரோ முனகினார்கள்.

செபாஸ்தியான் குச்சியோடு குச்சி தட்டினார். ஒன்று. இரண்டு. பழைய ஊர்வல மார்ச்சின் நடை, அதையும்விடக் கொஞ்சம் மெதுவாகவே. மூன்றைத் தட்டினார். காசிநாதன் கண்ணை மூடி மூச்சை இழுக்கத் தொடங்கியிருந்தார். நெஞ்சு நிறைய நேரம் பிடித்தது. நாலாவது தட்டுக்குத் தூக்கிய குச்சிகளை, அவர் இழுத்து முடிக்கும் வரை செபாஸ்தியான் கீழே இறக்கவில்லை.