கருங்குழியிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கச்சேரிக்கு

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கருங்குழி ஜி.எஸ்.டி. சாலை நிறுத்தத்தில் நின்றோம். நான், என் மனைவி ஸ்டெல்லா, எங்களோடு இருக்கும் அவள் அம்மா, அப்புறம் உறை கிழிந்த ஒரு கீபோர்டு. போக வேண்டியது மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே கடலோரத்தில் இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்கு. அறுபது கிலோமீட்டர் வரும். அத்தையோடு போனால் எந்தத் தூரமும் இரண்டு மடங்கு.

அத்தை பதினைந்து நாளாக மகளோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் என் வழியாகத்தான் சொல்வார். "மாப்ள, உன் பொண்டாட்டிய கொடை எத்துகினு வரச் சொல்லு" என்பார். பொண்டாட்டி ஒரு முழம் தள்ளித்தான் நிற்பாள். அவள் எடுத்தாயிற்று என்று என்னிடம் சொல்வாள், நான் அதை அத்தையிடம் சொல்ல வேண்டும். சம்பளமில்லாத தபால்காரன் வேலை. தலையெழுத்து.

எல்லாம் ஒரு ஆல்பத்தால் வந்த வினை. ஸ்டெல்லா எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள், நான் அங்கே கீபோர்டு வாசிக்கிறவன். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் போனில் அது வந்து மாட்டியது. யாரோ ஒரு பாப் பாடகி பெரிய அரங்கம் ஒன்றில் பாட, அதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். ஒன்றிரண்டு பாட்டு ஆங்கிலம், மற்றதெல்லாம் பிரெஞ்சு. எங்களுக்கு பிரெஞ்சில் ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும்கூட வார்த்தை தெரியாது. அதனால் என்ன, கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி முழு ஆல்பத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். மூன்றாவது பாட்டில் கூட்டத்தில் ஒருவன் இருமுவான். அவனை எனக்கு என் தம்பியைவிட நன்றாகத் தெரியும்.

பாட்டை மட்டும் படித்திருந்தால் பரவாயில்லை. ஐந்தாவது பாட்டுக்கு முன்னால் பியானோ மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பாடகி கூட்டத்தைப் பார்த்து ஏதோ பேசுகிறாள். ஸ்டெல்லா அதையும் மூச்சு விடுகிற இடம் உட்பட அப்படியே படித்து வைத்திருக்கிறாள். அந்தப் பேச்சை விட்டுத் தொலை, நேராகப் பாட்டுக்கு வா என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "அந்தப் பேச்சு முடியற எடத்துலதான் எனக்கு சுருதி புடிக்க வரும். அத்த எடுத்துட்டா பாட்டே வராது" என்றாள். நாலு வருடமாக எங்கள் சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே அந்தப் பேச்சு தினமும் நடந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

அவள் பாடிய வீடியோ ஒன்று சுற்றிச் சுற்றி அந்த ரிசார்ட்டுக்குப் போயிருக்கிறது. பிரான்சிலிருந்து சுற்றுலாக் கூட்டம் வருகிறது, சனிக்கிழமை மாலை வந்து பாடுங்கள் என்று கூப்பிட்டார்கள். உடனே கோயிலில் எவளோ ஒருத்தி அத்தையிடம், உன் மகள் குடிக்கிற இடத்தில் பாடப் போகிறாளாமே என்று பற்ற வைத்துவிட்டாள். கண்டவர் கழனியில் நாற்று நட்டு, அப்புறம் சத்துணவுக் கூடத்தில் பானை கழுவி மகளை வளர்த்தவர் அத்தை. ஊர் வாய்க்கு அவ்வளவு பயம். "நானும் வந்து பாக்கிறேன். எனக்குப் புடிக்கலன்னா இத்தோட சரி" என்று என்னைப் பார்த்து அவளுக்குச் சொன்னார். ஸ்டெல்லாவும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அம்மா சொல்லைத் தட்ட மாட்டாள், அதுதான் என் கவலை. நாளெல்லாம் ஜெராக்ஸ் கடையில் நின்றுவிட்டு வருகிறவள் முகத்தில் களை வருவதே அவள் பாடும்போதுதான்.

பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் இறங்கும்போது பன்னிரண்டாகிவிட்டது. அங்கே மாமல்லபுரம் வண்டி தயாராக நின்றது. அத்தை ஏறவில்லை. பெண்களுக்கு இலவச வண்டி வரும், அதில்தான் வருவேன் என்றார். இரண்டு வண்டிகள் கண்ணெதிரே போயின. வெயிலில் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற எனக்குப் பேஜாராகிப்போனது. இலவச வண்டி வந்ததும் அவர்கள் இருவரும் சும்மா ஏறினார்கள். எனக்கு இருபது ரூபாய் டிக்கெட். கீபோர்டைப் பார்த்த நடத்துனர், அதுவும் ஆள் மாதிரிதான் இடம் பிடிக்கிறது என்று அதற்கும் இருபது ரூபாய் கிழித்தார்.

திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்கக்கூட இறங்க முடியாத நெரிசல். மாமல்லபுரம் போய்ச் சேர இரண்டரை. கல் கோயில்களைப் பற்றி எழுதுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் மன்னிக்க வேண்டும், ஆட்டோவுக்குப் பேரம் பேசியதில் கண்ணில் எதுவும் படவில்லை. எட்டுக் கிலோமீட்டருக்கு நானூறு கேட்டார் ஓட்டுநர். "சனிக்கெழம ஈசிஆர்ல வண்டி ஓட்டிப் பாரு அண்ணாத்த, அப்பத் தெரியும்" என்றார். முந்நூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டு, வழியெல்லாம் அந்த ஐம்பது ரூபாய்க்காக முனகிக்கொண்டே வந்தார்.

ரிசார்ட் வாசலில் காவலாளி எங்களைப் பின்பக்கம் போகச் சொன்னார். பாடுகிறவர்கள் காய்கறி வண்டி வரும் வழியாகத்தான் உள்ளே போக வேண்டுமாம். "நல்ல மரியாதைன்னு சொல்லு உன் பொண்டாட்டிகிட்ட" என்றார் அத்தை. சொல்லவில்லை. அவள் காதில் விழுந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஐந்து மணிக்குப் புல்வெளியில் நாற்காலி போட்டார்கள். முப்பது பேர் இருக்கும், எல்லாம் வயதானவர்கள், வெயிலில் சிவந்துபோனவர்கள். பாதிப் பேர் கையில் பீர். அதைப் பார்த்ததும் அத்தை வாயை இறுக்கிக்கொண்டார். முன்வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். அதில் உட்கார மறுத்து, கடைசியில் சமையல்கட்டுக் கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போய்க் கெஞ்சினேன். அசையவில்லை. இது தேறாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாலு பாட்டுக்கு நாகரிகமாகக் கைதட்டினார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். ஐந்தாவதற்கு நான் அந்தப் பியானோத் துணுக்கை ஆரம்பித்தேன். வேண்டாம், விட்டுவிடு என்று கண்ணால் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மைக்கைக் கிட்டே இழுத்து, அந்தப் பேச்சை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

சிரித்துவிடப் போகிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், மொத்தக் கூட்டமும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் பார்க்கிறது. ஒவ்வொருவராக எழுந்து, அத்தையைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். வெளியே போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து அத்தை பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். வெள்ளைத் தலை அம்மாள் ஒருவர் போய் அவர் கையைப் பிடித்து, நடத்திக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார வைத்தார். அப்புறமும் கையை விடவில்லை. ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சுருதி பிடித்துவிட்டது. பாடினாள். கோயிலில்கூட அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.

முடிந்து நான் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்தக் கூட்டத்தை அழைத்து வந்திருந்த புதுச்சேரிக்கார வழிகாட்டி வந்தார். மேடம் பிரெஞ்சு எங்கே படித்தார்கள் என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னது மனசைத் தொட்டுவிட்டது என்றார். எந்த அம்மா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விளக்கினார். "எங்க அம்மா இன்னிக்கு இங்க வந்திருக்காங்க. முன்னாடி உட்கார மாட்டாங்க, பின்னாடி எங்கயாவது இருப்பாங்க. இந்தப் பாட்டு அவங்களுக்குத்தான். இதத்தானே சார் சொன்னாங்க?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? யாரோ ஒருத்தி என்றைக்கோ தன் அம்மாவுக்குச் சொன்னது. அதைத்தான் இவள் நாலு வருடமாகச் சமையலறையில், வெங்காயம் உரிக்கிற அம்மாவுக்கு முன்னால், தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேலாளர் வந்து, இனி சனிக்கிழமைதோறும் வர முடியுமா என்று கேட்டார். ஸ்டெல்லா அம்மாவைப் பார்த்தாள். அத்தை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

திரும்பும்போது மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு வண்டி கிடைத்தது. இலவச வண்டி இல்லை, ஆனாலும் அத்தை பேசாமல் ஏறினார். இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பின்சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட்டில் மட்டும் உட்காராதீர்கள். எங்களுக்கு அதுதான் கிடைத்தது. மூன்று பேர் சீட்டில் அத்தை ஜன்னலோரம், ஸ்டெல்லா இந்த ஓரம், நடுவில் மடியில் கீபோர்டோடு நான்.

கொஞ்ச தூரம் போனதும் அத்தை கேட்டார். "அந்த வெள்ளைக்காரங்க இன்னாத்துக்கு மாப்ள என்னியப் பாத்து எழுந்தாங்க? உன் பொண்டாட்டி இன்னா சொல்லிச்சு?"

சொன்னேன். அம்மா வந்திருக்கிறாள், பின்னால் எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள், இந்தப் பாட்டு அவளுக்குத்தான் என்று சொன்னாள் என்றேன். ஸ்டெல்லா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அவளே அதை இப்போதுதான் கேட்கிறாள். அது ஆல்பத்தில் இருக்கிறது என்று உளறப் போகிறாள் என்று தெரிந்து அவள் காலை மிதித்தேன். வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி திருக்கழுக்குன்றம் தாண்டியது. அப்புறம் கீபோர்டுக்கு மேலே குனிந்து, என்னை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அடுத்த தபா அத்த தமிழ்ல சொல்லு ஸ்டெல்லா" என்றார்.

நான் எழுந்து, கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே வந்தேன்.