கழுவாத பக்கம்

போட்டோ பிடிக்கும் தொழில் என்பது, ஒருவர் தன் முகம் என்று மனத்தில் வைத்திருப்பதற்கும் நிஜமாகவே அவர் கழுத்துக்கு மேல் இருப்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் தொழில். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து வியர்த்தவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஈப்போவில் ஒரு சீனருடைய ஸ்டூடியோவில் எனக்கு வேலை. முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டூடியோவுக்குக் கண்ணாடிக் கூரை. வெயிலை அடக்க வெள்ளைத் திரை, கறுப்புத் திரை. முகத்தில் நிழல் விழக்கூடாது, காலில் செருப்பு தெரியவேண்டும். தவுக்கே கடையில் இவை இரண்டும்தான் சட்டம். அந்தச் சட்டத்தை என் மண்டைக்குள் உடைத்துப்போட்டவர் ஒரு சினிமாக்காரர்.

ஐந்தாவது தடவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொழுது போகாமல் கொட்டகைக்குள் நுழைந்தேன். ஊமைப்படம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரக் கதை. ரொட்டி சுடுகிற ஒரு விதவைக்குக் கடிதம் வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சன்னலோரம் உட்காருகிறாள். திடீரென்று அவள் முகம் திரை முழுக்க வந்துவிட்டது! ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் இருட்டு. அவள் அழவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கடிதத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த கொட்டகையே கப்சிப்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சன்னல் தானாக அங்கே வரவில்லை, யாரோ ஒருவர் யோசித்து அவளை அங்கே உட்காரவைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. படம் தொடங்கும்போது அவர் பெயர் வந்தது. என் நாக்குக்கு வளையாத பெயர். எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொள்வதற்காகவே மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஐந்தாவது தடவை சீட்டுக் கிழிப்பவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நேத்துப் பாத்த அதே படம்தான் லா. நாங்க முடிவை மாத்தலை."

கிராணி ஐயாவின் இடது கன்னம்

அந்த வாரமே செமோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கிராணி வந்தார். தோட்டத்தில் கணக்கெழுதுபவர், கோட்டு, கடிகாரச் சங்கிலி, எண்ணெய் வழியும் தலை. எனக்குக் கை துறுதுறுத்தது. தவுக்கே சாப்பிடப் போயிருந்த நேரம். இடது பக்கத்துக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டேன். அடடா! அவ்வளவு நேரம் உப்பிய பூரி மாதிரி இருந்த முகத்தில் மூக்கு எழுந்து நின்றது, தாடை தெரிந்தது, கண்ணுக்குக் கீழே பத்து வருஷத்துக் கணக்கெழுத்துத் தெரிந்தது.

படத்தைக் கொடுத்தேன். மனிதர் அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தப் பக்கம் இன்னும் கழுவலை போலருக்கு. கழுவிட்டுக் குடுங்க, இருந்து வாங்கிட்டே போறேன்."

வேறெங்கோ பார்த்த செட்டியார்

அந்தச் சினிமாக்காரரின் அடுத்த படமும் வந்தது. பெயர் காட்டும்போது நான் இன்னும் வாசலில்தான் நின்றேன். உள்ளே போய் இரண்டு காட்சி பார்த்ததுமே, 'இது அவர்தான்!' என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். இந்தப் படத்தில் நான் கண்டுகொண்டது இன்னொன்று: அவர் ஆட்கள் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. அவரவர் நினைப்பில் இருக்கிறார்கள்.

ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பப் படம் எடுக்க ஒரு செட்டியார் வந்தார். வட்டிக்கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர். "ஐயா, காமிராப் பெட்டியைப் பார்க்காதீங்க. மனசுக்குப் பிடிச்சவங்களை நெனச்சுக்கிட்டு அந்த ஓரமாப் பாருங்க" என்றேன். பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு கனிவு வந்ததே! என் ஆயுசிலேயே அதுதான் நல்ல படம் என்று நினைத்தேன். செட்டியாரும் ரசித்துத்தான் பார்த்தார். பிறகு மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டார். "எங்க வீட்டு ஆச்சி இதைப் பாத்தாகன்னா, 'எவளைப் பாத்துக்கிட்டு இருந்திய'ன்னு கேட்டு எழுதுவாக. அதுக்குப் பதிலை நீங்களே எழுதிப் போட்டுருங்க தம்பி."

அன்று தவுக்கே, சந்தையில் பேசுகிற பசார் மலாயில் எனக்குக் கெடு வைத்தார். "லாகி சத்து, லூ பாலேக்!" இன்னும் ஒன்று இப்படி எடுத்தால், நீ வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

கங்காணி மனைவியின் பட்டு

அடுத்த ஞாயிறு, பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். நல்ல பிள்ளையாக எல்லாரையும் நேராக நிற்கவைத்து, செருப்புத் தெரிய எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அஞ்சலை என்ற பெண் ஒரு பழைய படத்தை நீட்டினாள். போன வருஷம் யாரோ எடுத்தது.

"அண்ணே, இது நானான்னு பாத்துச் சொல்லுங்க."

படத்தில் பட்டும் நகையுமாக விறைத்து நின்றவளுக்கும் எதிரில் நின்றவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"பட்டு கங்காணி பொஞ்சாதிது. நகையும் அவுங்களுது. பவுடரு அள்ளி அப்பிட்டாங்க," என்றாள். "இங்க காய்ச்சல்ல செத்த அஞ்சலை வேற ஒருத்திண்ணே. ஊருக்குத் திரும்பிப் போனவன் எவனோ நான்தான் செத்தேன்னு சொல்லிட்டான். ஆத்தா அழுது, காரியமும் பண்ணிருச்சு. இல்ல, உசுரோட இருக்கேன்னு இந்தப் படத்தை அனுப்புனேன். 'எவளையோ நிக்க வச்சு ஏமாத்துறாங்க'ன்னு திருப்பி அனுப்பிருச்சு."

எனக்குத் தவுக்கேயின் கெடு ஞாபகம் வந்தது. அந்த ரொட்டிக்காரியின் சன்னலும் ஞாபகம் வந்தது. சன்னல்தான் ஜெயித்தது. காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த சேலையோடு, தலையில் கட்டிய துணியோடு, அவளைத் தோட்டக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசல்படியில் உட்காரவைத்தேன். உள்ளே இருட்டு, வெளியே வெயில். காமிராவின் துருத்தியை முழுக்க இழுத்து, முகத்துக்குப் பக்கத்தில் பெட்டியைக் கொண்டுபோனேன். "உங்க ஆத்தா எதிர்ல உக்காந்திருக்காங்க. என்ன சொல்லணுமோ சொல்லுங்க" என்றேன்.

முதலில் வெட்கப்பட்டாள். பிறகு பிடித்தாளே ஒரு பிடி! "ஏன் ஆத்தா, பெத்த மக செத்துட்டான்னு எவனோ சொன்னா நம்பிருவியா? உனக்குத் தெரியாதா?" என்று மூச்சுவிடாமல் திட்டினாள். சட்டென்று பேச்சை நிறுத்தி, எதிரில் ஆத்தாவே இருப்பதுபோலப் பார்த்தாள். அந்த நொடியில் லென்ஸ் மூடியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு. மூடினேன்.

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எடுத்தாச்சா? நான் இன்னும் சிரிக்கவே இல்லையேண்ணே!"

கால் இல்லாத படம்

தகட்டைக் கழுவியபோது இருட்டறையில் நான் தனியாகச் சிரித்தது வெளியே கேட்டிருக்கவேண்டும். தவுக்கே வந்து எட்டிப்பார்த்தார். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "காக்கி மானா?" என்றார். கால் எங்கே?

நான் அஞ்சலையின் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் ஆச்சரியம். அந்தத் தாய் இதையும் திருப்பி அனுப்பினால் நானும் கிளம்பவேண்டும், ஏற்றுக்கொண்டால் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் பிழைப்பு கப்பலேறி, அஞ்சலையின் ஆத்தா இருக்கும் சேலத்துக் கிராமத்துக்குப் போய்விட்டது.

கிட்டத்தட்ட மூன்று மாதம். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே வாசலுக்கு ஓடுவேன். ஒரு நாள் காலை அஞ்சலையே ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். கையில் பிரிக்காத கடிதம். அவளுக்கும் படிக்கத் தெரியாது. கங்காணியிடம் கொடுக்க மனமில்லாமல் என்னிடம் கொண்டுவந்திருந்தாள். தவுக்கே, படங்களுக்கு மெருகு போடும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டார். தமிழ் தெரியாத மனிதர், என் வாயையே பார்த்தார். தாய் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே இருந்ததை உரக்கப் படித்தேன்: "இது எம்மவதான். செவத்துல மாட்டிருக்கேன். கோவமா இருக்கா. எம்மேலதான் கோவம், வேற யாரு மேலயும் இல்ல."

விலாசம்

அதற்கப்புறம் தவுக்கே கறுப்புத் திரையைப்பற்றிப் பேசவே இல்லை. எனக்கு ஒரே ஓர் ஆசை மிச்சம் இருந்தது. அஞ்சலை படத்தில் இன்னொரு பிரதி போட்டு, பின்னால் ஆங்கிலத்தில் 'உங்கள் சன்னலுக்கு நன்றி' என்று எழுதி, அந்தச் சினிமாக்காரர் பெயரை உறைமேல் எழுதி, தபாலாபீசுக்கு எடுத்துப்போனேன்.

அங்கே இருந்த குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சினிமாவில் பெயர் வரும், அவ்வளவுதான் தெரியும் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பரிவோடுதான் சொன்னார்: "உந்தப் பேரிலை ஒரு ஆள் இருக்கிறார் எண்டு நானும் நம்புறன் தம்பி. ஆனா எந்தத் தெருவிலை இருக்கிறார் எண்டு திரையிலை போடேல்லையே!"

ஆக, தோழர்களே, இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: கேட்ட படத்தைக் கொடுத்தால் நன்றி சொல்லித் துணிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள், கேட்காத படத்தைக் கொடுத்தால் திட்டித் தீர்த்துவிட்டு அதைத்தான் சுவரில் மாட்டுவார்கள்.