ஆற்றுக்கு அந்தப்பக்கத்து மிருதங்கம்

மைக் என்றால் எனக்கு ஒரு வியாதி. கையில் வந்தால் விடமாட்டேன். ஜெர்மனிக்கு வந்து, முதியோர் இல்லத்துச் சமையலறையில் கிடாரம் கிடாரமாக உருளைக்கிழங்கு அவிக்கத் தொடங்கிய பிறகும் அந்த வியாதி மாறவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூட விழாவோ, வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்தியவீடோ, யார் என்ன நடத்தினாலும் அறிவிப்பாளர் நான்தான். “இந்த மனுசனை மேடையிலை ஏத்தினால் இறக்க ஏலாது” என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லித் திரிவாள். பகிடிக்குத்தான் சொன்னாள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் அந்தப் பகிடி ஒரு மனிதனின் வாழ்க்கையை விழுங்கப் பார்த்தது.

ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் போனால் எங்கள் கிராமம். நாங்கள் மட்டும்தான் அங்கே தமிழர். ஒவ்வொரு யூலையிலும் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் கோடை விழா நடக்கும். தீயணைப்புப் படைக்காரர் கூடாரம் அடிப்பார்கள். யார் என்ன கேக் கொண்டுவருவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே பட்டியல் ஒட்டிவிடுவார்கள். உழவு வண்டியை மேடையாக்கிக் கிராமத்து நாடகக் குழு ஒரு சிரிப்பு நாடகம் போடும். பிறகு பித்தளை வாத்தியக் குழு. ஏழு வருடமாக நாங்கள் போய்க் கேக் தின்று, கைதட்டி, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அந்த வருடம் விழாக்குழுத் தலைவி என் மனைவியைப் பாடச்சொல்லிக் கேட்டார். மூன்று இருபதிலிருந்து மூன்று முப்பத்தைந்து வரை என்று நிகழ்ச்சித் தாளிலும் அச்சடித்துவிட்டார்கள்.

என் மனைவி முறையாகச் சங்கீதம் படித்தவள். ஹம்பேர்க்கிலிருந்து ஒருவர் மிருதங்கத்துக்கு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் அவருக்கு நாரி பிடித்துவிட்டது, முதுகை நிமிர்த்தி எழும்ப முடியவில்லை. சுருதிப்பெட்டியோடு தனியே பாடுகிறேன் என்று இவள் சொன்னாள். நான் கேட்டேனா? மிருதங்கம் இல்லாத கச்சேரி உப்பில்லாத கஞ்சி என்று குதித்தேன். குதித்தபடியே தொலைபேசியை எடுத்து, ஆற்றுக்கு அந்தப்பக்கம் அகதிகள் விடுதியில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டேன்.

அவருக்கு அப்போது முப்பத்துநாலு வயது. மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்து, அகதி வழக்கு நீதிமன்றத்தில் இழுபட, மூன்று வருடமாக ஒரு அறையில் நாலு பேரோடு இருந்தார். விரல்கள் மட்டும் சும்மா இராது, மேசை விளிம்பில் எப்போதும் ஏதாவது ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாளில் வழக்கு முடியாதவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. கையில் அனுமதிக் கடிதம் இல்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. அவருடைய மாவட்டம் ஆற்றோடு முடிந்தது. ஏற்கெனவே ஒரு கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப் போய், ரயில் நிலையத்தில் பிடிபட்டிருந்தார். முதல் முறை எச்சரித்துத் தண்டத்தோடு விட்டார்கள். இரண்டாம் முறை என்றால் அது குற்றம். செப்டெம்பரில் வழக்கு விசாரணை. அதற்குள் ஒரு குற்றம் பதிவானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

“அண்ணை, கடிதம் இல்லாமல் வர ஏலாது. அதுக்குக் கந்தோரிலை Termin எடுத்து ஆளைச் சந்திக்கவும் இனி நேரமில்லை, நாளைக்கு மத்தியானத்தோடை பூட்டிப்போடுவினம்.”

“தம்பி, இது சின்னக் கிராமம். ஆர் கேக்கப் போகினம்? நான் காரிலை கூட்டிவந்து காரிலையே கொண்டுபோய் விடுறன். உம்மடை கால் நிலத்திலை படாது.”

அந்தப் பக்கம் மேசையில் விரல் தாளம் போடுவது கேட்டது. பிறகு, “ஆக்களுக்கு முன்னாலை வாசிச்சு எவ்வளவு காலம்” என்றார். அதன்பிறகு, “சரி, வாறன். என்ரை பேரை மட்டும் எங்கையும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை” என்றார்.

“அம்மாளாணை சொல்லமாட்டன்” என்றேன்.

சனிக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். படுக்கை விரிப்பில் சுற்றிய மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் கார்களைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தபடியே இருந்தார். நான் வழியெல்லாம் வானிலையைப் பற்றி அலம்பிக்கொண்டு வந்தேன். அந்த வருட வெயில் அப்படி, புல் எல்லாம் கருகிப் போயிருந்தது.

புல்வெளியில் காலை வைத்ததும்தான் எனக்கு மண்டையில் அடித்தது. வாத்தியக் குழு பச்சை மேற்சட்டைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது ஆள், ட்ரம்பெட், எங்கள் கிராமத்துப் பொலிஸ்காரர். ஒவ்வொரு வருடமும் அவர் வாசிப்பதை ஏழு வருடம் பார்த்துக் கைதட்டியவன் நான்! ஒருமுறை என் சைக்கிளில் லைட் எரியவில்லை என்று மறித்து, என் நீளப் பெயரை மூன்று தரம் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதியவரும் இவர்தான். எப்படி மறந்தேன்? வேட்டி கட்டி மைக் பிடிக்கும் நினைப்பில் எல்லாம் மறந்துபோயிற்று.

மெதுவாக மனைவியின் காதில் சொன்னேன்.

“ஐயோ, நாசமாப் போச்சு. இப்ப அந்தப் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ, கை நடுங்கும். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையிலை நில்லுங்கோ. தவளை தன்ரை வாயாலைதான் கெடும்.”

வெயிலுக்குத் தோல் இறுகி மிருதங்கத்தின் சுருதி ஏறிப் போயிருந்தது. அவர் சின்னக் கல்லால் தட்டித் தட்டி அதை இறக்கினார். சூப்பர்மார்க்கெட்டில் நான் வாங்கி வந்த ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மிருதங்கத்தின் இடந்தலைத் தோலில் அப்பினார். முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, பலகாரம் ஏதோ செய்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். சரியாக மூன்று இருபதுக்குத் தலைவி மணியடித்தார்.

முதல் ஐந்து நிமிடம் சனம் மரியாதைக்குக் கேட்டது. பிறகு இவள் பாட்டை நிறுத்திவிட்டு அவருக்கு இடம் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அந்த மனிதனை நான் மூன்று வருடமாகப் பார்க்கிறேன், அப்படி ஒரு முகத்தை அன்றுதான் கண்டேன். பியர்க் குவளைகள் வாங்குகளில் அப்படியே இருந்தன. வாத்தியக் குழுவில் ஒவ்வொருவராக முழங்காலில் தாளம் போடத் தொடங்கினார்கள். பொலிஸ்காரரும் போட்டார், கணக்குப் பிழைத்தது, சிரித்துக்கொண்டு திரும்பவும் போட்டார். முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைவி மைக்கை என் கையில் திணித்து, இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்.

என் பையில் ஒரு பொன்னாடை இருந்தது. தலைவிக்குப் போர்த்தத்தான் கொண்டுபோனேன். ஆனால் எங்கள் விழாக்களில் ஒரு முறை இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த கலைஞரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, எங்கிருந்து எவ்வளவு சிரமப்பட்டு வந்தார் என்று சொல்லித்தான் பொன்னாடை போர்த்த வேண்டும். பேர் சொல்லாமல் போர்த்தினால் அது மரியாதையே இல்லை. நூறு மேடையில் செய்த வேலை. கை தானாகப் பொன்னாடையை எடுத்தது, வாய் தானாகத் திறந்தது. அவருடைய முழுப்பெயரையும் நல்ல ஜெர்மனில், நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். ஆற்றுக்கு அந்தப்பக்கம் இன்ன ஊரிலிருந்து எங்களுக்காகவே வந்தார் என்றும் சொன்னேன். போர்த்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

அவருக்குப் பின்னால் பச்சைச் சட்டைகளின் வரிசையில் முழங்காலில் இன்னமும் அந்தத் தாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கை நின்றுவிட்டது.

உடனே காருக்கு ஓடினேன். காருக்குக் குறுக்கே வாத்தியக் குழுவின் வான் வண்டி நின்றது. சாவி யாரிடம் என்று தலைவியைக் கேட்டேன். ட்ரம்பெட்காரரிடம் என்றார். வாத்தியக் குழு அதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டது. ஐந்து மணி வரைக்கும் என்று தாளில் போட்டிருந்தது.

ஒன்றேகால் மணித்தியாலம் ஒரு மரத்தடியில் இருந்தோம். பொலிஸ்காரர் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுக்கும்போதெல்லாம் எங்கள் பக்கம் பார்த்தார். பொன்னாடையைக் கழற்றினால் வித்தியாசமாகத் தெரியும் என்று அவர் அதைக் கழற்றவும் இல்லை. அந்த வெயிலில் சரிகை கழுத்தில் குத்த, வியர்த்துக்கொண்டு இருந்தார். ஒரே ஒரு தரம்தான் வாய் திறந்தார்.

“சொல்லிப்போட்டியள் அண்ணை.”

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் மனைவி ஒரு பக்கம் திரும்பி இருந்து அழுதாள்.

வாத்தியக் குழு முடிக்கும் நேரம், மாவட்டப் பத்திரிகைக்காரி குறிப்புக் கொப்பியோடு வந்தாள். மேடையில் எங்களைப் படம் எடுத்தவள். மிருதங்கக்காரரின் பெயரையும் ஊரையும் சரியாக எழுதவேண்டும், மைக்கில் பாதிதான் விளங்கியது என்றாள். அந்தப் பெயரும் அந்த ஊரும் படத்தோடு பத்திரிகையில் வந்தால் வேறு சாட்சி எதற்கு?

“நான் மைக்கில் பிழையாகச் சொல்லிவிட்டேன்” என்றேன். “அந்தப் பெயர்க்காரர்தான் வருவதாக இருந்தது. அவருக்கு முதுகுவலி, வரவில்லை. பதற்றத்தில் பழைய பெயரைச் சொல்லிவிட்டேன். இவர் இந்தக் கிராமத்து ஆள்.”

“அப்படியானால் இவருடைய பெயர்?”

பெயர் ஒன்று வேண்டும், அதுவும் உடனே. எழுத்துப் பிழையில்லாமல் ஜெர்மனில் எழுதத் தெரிந்த தமிழ்ப் பெயர் எனக்கு ஒன்றுதான் அந்த நேரம் ஞாபகம் வந்தது. பேனையை வாங்கி என் பெயரை எழுதினேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தால் பக்கத்தில் பச்சைச் சட்டை. ட்ரம்பெட் அவருடைய கக்கத்தில் இருந்தது. பத்திரிகைக்காரி அவரிடம் கொப்பியை நீட்டி, “நீங்கள் இந்த ஊர்க்காரர்தானே, இது சரியா?” என்றாள்.

அவர் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். என்னைப் பார்த்தார். மிருதங்கத்தைப் பார்த்தார், அதன் பின்னால் இருந்தவரைப் பார்க்கவில்லை.

“சரிதான்” என்றார். “இந்தப் பெயரை நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.”

அவள் போன பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். “வானை நகர்த்திவிடுகிறேன். ஆறு மணிக்கு எனக்கு வேலை தொடங்குகிறது. இன்றைக்குப் பாலத்தில் கார்களை மறித்துச் சோதிக்கிறோம்.”

மணி ஐந்தே கால். நன்றி சொல்லக்கூட நிற்காமல் மிருதங்கத்தைத் தூக்கிக் காரில் வைத்தேன். ஐந்தேமுக்காலுக்கு அவரை விடுதி வாசலில் இறக்கினேன். பொன்னாடையை மடித்து என் கையில் தந்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பத்திரிகை வந்தது. அவர் கண்ணை மூடி, வலக்கை அந்தரத்தில் நிற்க, அவ்வளவு அழகான படம். கீழே எங்கள் கிராமத்துக் கலைஞர் என்று என் பெயர். முதியோர் இல்லத்தில் கிழவிகள் என்னைச் சுற்றிக்கொண்டு, ஒருக்கால் தட்டிக் காட்டு என்று நச்சரித்தார்கள். கண்பார்வை மங்கியதுகள், படத்தில் இருப்பது நான் இல்லை என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. மணிக்கட்டு நோகிறது என்று ஒரு மாதம் பொய் சொன்னேன். அவர் தொலைபேசியில் மூன்று பிரதி கேட்டார். கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணி நான் சந்தோசமாக அனுப்பி வைத்தேன்.

செப்டெம்பரில் விசாரணை தள்ளிப்போய், பிறகும் தள்ளிப்போய், ஒருவழியாக வழக்கு வென்றது. அந்த விழா நடந்து நாலு வருடம் கழித்து அவருடைய மனைவி வந்து சேர்ந்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். ஆற்றைத் தாண்டி பஸ்ஸில், யாருக்கும் பயப்படாமல் வந்தார்கள். நான் வாசலுக்குப் போய்க் கைகூப்பி என் பெயரைச் சொன்னேன்.

அவருடைய மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தா. “ஓ, நீங்கள்தானோ அந்தப் பேர்?” என்றா.

பிறகு கைப்பையைத் திறந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தா. மஞ்சளாகிப் போயிருந்தது, மூலையில் ஒரு குங்குமப் பொட்டு. படத்துக்குக் கீழே என் பெயர் இருந்த இடத்தைச் சவர பிளேட்டால் நேராக வெட்டி எடுத்திருந்தா. அந்த ஓட்டைக்குள்ளால் எங்கள் மேசைவிரிப்புத் தெரிந்தது.

“குறை நினைக்காதேங்கோ அண்ணை” என்றா. “நாலு வருசமா இதைத்தான் சாமிப்படத்துக்குப் பக்கத்திலை வைச்சிருந்தனான். வேறை ஆம்பிளையின்ரை பேரோடை எப்பிடி வைக்கிறது?”

நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அந்தப் பொன்னாடையை எடுத்து வந்தேன். அவருக்குப் போர்த்தி, அவருடைய பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.