மஞ்சள் பூசிய வரி

ராயபுரத்தில் எங்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, மனு அடிக்க ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல அங்கிருந்த பெண் அடித்தாள். ‘நாற்பது வருடமாக இதே வீட்டில் இருக்கிறேன்’ என்ற வரிக்கு மட்டும் திரையில் மஞ்சள் பூசி, பக்கத்தில் ஏதோ பொடியாக அடித்தாள். கேட்கக் கூச்சமாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ‘ஆதாரம் இல்லை.’ அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

“இன்னா கண்ணு, ஆபீஸருக்குப் போட்டுக் குடுக்கிறியா?”

“ஐயே ஆயா, அது என் ஞாபகத்துக்கு. பிரிண்டுல வராது.”

நான் நம்பவில்லை. குறிப்பு தனியாக நிற்கிறதா என்று பார்க்க, அந்த வரியைக் கீழே நகர்த்திக் காட்டச் சொன்னேன். மஞ்சளும் குறிப்பும் அதன் கூடவே போயின. இப்படி ஒட்டிக்கொண்டு போவது ஆபீஸ் வரைக்கும் போகாதா?

வேறு வழியில்லாமல் மூத்த மகளின் ஞானஸ்நானச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தேன். மாதா கோயிலில் கொடுத்தது. அதில் நாற்பது வருடத்துக்கு முந்தைய தேதியும் இந்த வீட்டு விலாசமும் இருக்கின்றன.

“இத்த முன்னாடியே குடுக்கறதுக்கு இன்னா?”

“குடுத்துட்டு அப்பால தேடிகினு அலையவா?”

அவள் சிரித்தபடி சீட்டின் தேதியை வரியோடு சேர்த்து அடித்து, குறிப்பை அழித்தாள். மஞ்சளும் போயிற்று. தாள் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்தையும் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.